தாடையோரச் சிவப்பு

பள்ளிக்கூட வயதில் எட்டிக்கூடப் பார்க்காத முகப்பரு, காதோரம் நரைத்த பிறகு எனக்கு வந்தது. தாடையோரமாக வரிசை கட்டி உட்கார்ந்து, பழுத்து, ஆறி, போனது. போனதாகத்தான் எல்லாரும் சொன்னார்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. பரு இருந்த இடமெல்லாம் சிவப்பு இருந்தது. விரலால் தடவினால் வழவழவென்று ஒன்றுமே இல்லை. பார்த்தால் மட்டும் இருக்கிறது. தொட்டால் இல்லாதது கண்ணுக்கு மட்டும் எப்படித் தெரியும்?

பேகம்பேட்டில் தோல் டாக்டரம்மா விளக்கைச் சாய்த்துப் பார்த்தார். பரு ஆறிவிட்டது, இது அதன் தடம், தானாக மங்கும், மாசக்கணக்கில் ஆகும், வெயிலில் காட்டாதீர்கள் என்றார். பூச மருந்து எதுவும் தரவில்லை. மருந்து எழுதாத டாக்டரை எப்படி நம்புவது? வீட்டுக் கண்ணாடியையும் நம்பவில்லை; அது ஒன்று சொன்னது, லிஃப்ட் கண்ணாடி வேறொன்று சொன்னது. கடைசியில் எண்ணெய்மேல் பழியைப் போட்டேன். கடுகு டப்பா மேல்தட்டுக்கு ஏறியது. தயிர்சாதமும் வேகவைத்த காயும்தான் சாப்பாடு. பாலாநகரில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர், "ஆஸ்பத்திரியில படுத்தாக்கூட இதைவிட நல்லாப் போடுவான்" என்று கேன்டீனுக்கு மாறிவிட்டார்.

எங்கள் சனத்நகர் அடுக்ககத்தில் ஞாயிறு காலைகளில் நான் தமிழ்ப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறேன். நான் தமிழில் கேட்பேன், தெலுங்கில் பதில் வரும். வரட்டும். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் வாரம் முழுக்க வேறு மொழியில் காய்கறி வாங்குகிறேன்.

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிறு, பாய் விரித்துக் காத்திருந்தேன். ஒரு பிள்ளையும் வரவில்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. லிஃப்டில் ஒரு பிள்ளையின் அம்மா, மகளை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள். இறங்கும்போது என்னைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கோயிலில் போடுவதுபோல! என்னிடம் என்ன இருக்கிறது கும்பிட? யாராவது எனக்கு எதிராக வேறு வகுப்பு தொடங்கிவிட்டார்களா? மாடிப்படியில் கேட்ட ஒவ்வொரு செருப்புச் சத்தத்திலும் ஒரு சதியைக் கேட்டேன்.

மேல்வீட்டு அக்காவிடம் போனேன். தலைமுறைகளாகச் செகந்திராபாத்தில் இருக்கும் குடும்பம்; தமிழுக்கு நடுவே அந்த ஊர் உருது எட்டிப் பார்க்கும். பிள்ளைகளைத் திரட்டித் தந்ததே அவர்தான். கிரில் கதவைத் திறக்காமலே நின்றார்.

"ஏன்க்கா, பிள்ளைங்க ஏன் வர்றதில்ல?"

"வருவாங்க, வருவாங்க. மொதல்ல உங்களுக்குத் தலைக்குத் தண்ணி ஊத்தட்டும்."

"எனக்கு எதுக்குத் தண்ணி?"

"ஹவ்! அதெல்லாம் வாசல்ல நின்னு கேக்கப்படாதும்மா, ஆத்தா கோவிச்சுப்பா. மூஞ்சில சிவப்பு, வாசல்ல வேப்பிலை, தாளிக்கிற வாசனையே காணோம். எனக்கென்ன மூக்கில்லையா?"

அம்மை. எனக்கு அம்மை போட்டிருக்கிறது என்று இந்தக் கட்டடத்துத் தமிழ்க் குடும்பங்கள் முடிவுகட்டியிருக்கின்றன. அம்மை கண்ட வீட்டில் தாளிக்க மாட்டார்கள். போய் விசாரிக்கவும் மாட்டார்கள். அதனால்தான் யாரும் வாய் திறக்கவில்லை.

"வேப்பிலை போனாலுப் பண்டிகைக்கு எதிர்வீட்டு அம்மா கட்டினதுக்கா. எங்க மாடி முழுக்க எல்லா வாசல்லயும் தொங்குது. இது வெறும் பருவோட தடம்."

"இந்த வயசுலயா? நக்கோம்மா, வேணாம், என்கிட்ட கதை விடாதீங்க."

கிரிலில் முகத்தை வைத்தேன். "தொட்டுப் பாருங்க."

கம்பி வழியாக ஒரு விரல் தயங்கித் தயங்கி வந்தது. "மொழுமொழுன்னு இருக்கே!"

"அதான் எனக்கும் புரியல."

"அப்ப ஏன் தாளிக்கல?"

"எண்ணெய் மேல சந்தேகம்."

அக்கா கதவைத் திறந்துவிட்டுச் சிரித்தார். "கடுகு என்னம்மா பாவம் பண்ணுச்சு உங்களுக்கு?"

அடுத்த ஞாயிறு பிள்ளைகள் வந்தார்கள். ஆனால் பாயை எதிர்ச் சுவருக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். கிட்ட வரச் சொன்னேன். இருப்பதில் சின்னவள், "அம்மா தூரங்கா கூர்ச்சோமந்தி" என்றாள். தூரமாக உட்காரச் சொல்லி அனுப்பியிருக்கிறாள் அம்மா. அக்கா சொல்லியும் நம்பாத வீடு. நம்பவில்லை என்று கோபித்துக்கொள்ள எனக்கு என்ன தகுதி? குரலை உயர்த்தி, கூடத்தின் மறுகோடிக்குக் கேட்கும்படி எழுத்துச் சொன்னேன்.

பாய் வாராவாரம் கொஞ்சம் முன்னால் வந்தது. சிவப்பு மங்குவதால் வருகிறதா, பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டதால் வருகிறதா? கண்ணாடியைக் கேட்டுப் பயனில்லை. தீபாவளி கழிந்த ஒரு ஞாயிறு, சின்னவள் என் முழங்காலில் சாய்ந்துகொண்டு 'ழ' போட்டுக்கொண்டிருந்தாள்.

"என் மூஞ்சில இன்னும் சிவப்பு இருக்கா, பாரு."

பென்சிலை வாயில் வைத்துக்கொண்டு தாடையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"இருக்கு" என்றாள், தமிழில். பிறகு அதே முழங்காலில் சாய்ந்து, விட்ட சுழியைப் போடத் தொடங்கினாள்.