கடைசியில் ஒரு சிரிப்பு

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால், வீடியோ எடிட்டிங் என்று சொல்லி முடித்துக்கொள்வேன். உண்மையில் நான் பார்த்த வேலை, ஜனங்கள் அதிர்ந்துபோகும் முகங்களைத் தேடி எடுப்பது. குயிலாப்பாளையத்தில் ஒரு மாடியை வாடகைக்கு எடுத்து நடந்த டிஜிட்டல் என்டர்டெயின்மென்ட் கம்பெனி அது. பேர்தான் பெரிது. வழியில் போகிறவர்களை ஏமாற்றிப் படம் பிடித்து யூட்யூபில் போடுவதுதான் பிழைப்பு. ஏசியில் உட்கார்ந்துகொண்டு, வாய் பிளந்து நிற்கும் ஒரு பெரியவரின் முகத்தைப் பெரிதாக்கி, பக்கத்தில் மஞ்சள் எழுத்தில் 'ஷாக்கான தாத்தா' என்று போடுவேன். வெட்கமாக இருந்ததா என்றால், அப்போது இல்லை.

எங்களுக்கு ஒரு சட்டம் இருந்தது. முன்பு ஒருத்தர் போலீசுக்குப் போய்விட்டதால் வந்த சட்டம். ஏமாந்தவர் கடைசியில் சிரிக்க வேண்டும். 'அதோ கேமரா, இது பிராங்க்' என்று சொன்னதும் சிரித்துவிட்டால் சம்மதம் என்று கணக்கு. சிரிக்காவிட்டால் அந்த வீடியோ குப்பை. ஆனால் பாதிப் பேர் சிரிக்க மாட்டார்கள். முறைப்பார்கள், சிலர் காது கூசத் திட்டுவார்கள். அங்கேதான் என் கைவரிசை. ஏமாற்றுவதற்கு முன்பே கேமரா ஓடிக்கொண்டிருக்கும். சும்மா பேச்சுக் கொடுக்கும்போது எதற்காவது சிரித்திருப்பார்கள். அந்தச் சிரிப்பை வெட்டி எடுத்துக் கடைசியில் ஒட்டிவிடுவேன். ஒட்டு தெரியாது. முதலாளியை நாங்கள் அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். புதிதாக வருகிறவர்களிடம் என்னைக் காட்டி, "சிரிக்காதவனையும் சிரிக்க வைக்கும் நம்ம பொண்ணு" என்பார். எனக்குப் பெருமையாக இருக்கும்.

மரக்காணம் உப்பளத்தில் எடுக்கலாம் என்று சொன்னது நான்தான். வெயிலில் எல்லாம் வெள்ளையாக இருக்கும், படம் பிரமாதமாக வரும் என்றேன்.

"அங்க இருக்கறவங்களுக்கு எத சொன்னா பகீர்னு இருக்கும்?" என்று கேட்டார் அண்ணா.

கையில் இருந்த பஜ்ஜியைக் கடித்துக்கொண்டே, "ஆபீசர் மாதிரி ஒருத்தர் போயி, நாளைலேர்ந்து உப்பளத்த மூடறோம்னு சொன்னாப் போதும்ண்ணா" என்றேன். யோசிக்கவே இல்லை. என் அம்மா அங்கே உப்பு வாருகிறவள். அந்தப் பயத்தைத் தின்று வளர்ந்தவள் நான். அம்மா வேலை செய்யும் பக்கம் வேண்டாம் என்று தெற்குப் பக்கமாக இடம் காட்டி அனுப்பினேன். அவ்வளவு சாமர்த்தியம் எனக்கு.

இரண்டு நாள் கழித்து வீடியோ என் மேஜைக்கு வந்தது. முதல் தடவை நான் சத்தம் வைக்க மாட்டேன். வேகமாக ஓட்டி, அதிர்ச்சி எங்கே, சிரிப்பு எங்கே என்று குறித்துக்கொள்வேன். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்டு, கண் மட்டும் தெரிய முகத்தில் துண்டு சுற்றிய ஒரு பெண்ணிடம் எங்கள் ஆள் பேசுகிறான். கையில் பைல். அவள் உப்பு வாரும் பலகையைக் கீழே போடுகிறாள். கையெடுத்துக் கும்பிடுகிறாள். பிறகு பாத்தி வரப்பிலேயே மண்டி போட்டு அவன் காலைப் பிடிக்கிறாள். சபாஷ் என்று நினைத்தேன். அந்த இடத்தைக் குறித்து வைத்தேன். பிறகு அவன் கேமராவைக் காட்டுகிறான். அவள் எழுந்து, துண்டை அவிழ்த்து, நேராக என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

என் அம்மா.

ஆள் குறைகிறது என்று மேஸ்திரி அன்றைக்கு அவளைத் தெற்குப் பக்கம் அனுப்பியிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. முதலிலிருந்து சத்தம் வைத்துப் பார்த்தேன்.

"மழ வர்ற வரைக்குமாவது வுடுங்க சார். வூட்ல பொண்ணு ஒருத்தி வேலைக்குப் போறா. அவ சம்பாத்தியத்துல நான் குந்தித் தின்னக் கூடாது சார்."

இதைச் சொல்லித்தான் காலைப் பிடித்திருக்கிறாள். எங்கள் ஆள் ஒரு வார்த்தை மாறாமல் நான் எழுதிக் கொடுத்ததையே பேசிக்கொண்டிருந்தான். படம் பிடித்த அன்றைக்குச் சாயந்திரம் வீட்டுக்கு வந்து எனக்கு மீன் குழம்பு வைத்துப் போட்டவள், ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அண்ணாவிடம் போனேன். "அண்ணா, உப்பளம் வீடியோ வேணாம்."

"ஏம்மா, சூப்பரா வந்திருக்குதே. அந்தம்மா சிரிச்சிட்டாங்க. அதுவும் ஒரிஜினல் சிரிப்பு. நீ ஒட்டக்கூட வேணாம்."

"அது எங்கம்மாண்ணா."

நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்றே நம்பினேன்.

"அப்படியா? அப்ப இன்னும் நல்லதாப் போச்சு" என்றார். "எடிட்டரோட அம்மாவுக்கே பிராங்க்னு டைட்டில் வச்சிடு. நாளைக்குக் காலைல போட்டுடலாம்."

என் இடத்துக்குத் திரும்பினேன். மனுஷன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நானும் இதே மாதிரிதானே ஒவ்வொரு முகத்தையும் பார்த்தேன். மெமரி கார்டில் இருந்ததை அழித்தேன். கம்ப்யூட்டரில் இருந்த காப்பியையும் அழித்தேன். பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பஸ் கூனிமேடு தாண்டும்போது அண்ணாவின் மெசேஜ் வந்தது. இனி வேலைக்கு வர வேண்டாம் என்று இருந்தது. எனக்கு மனசு லேசானது. அம்மாவின் மானத்தைக் காப்பாற்றிவிட்ட மாதிரி ஒரு நிமிர்வுகூட வந்தது.

வீட்டில் அம்மா பாத வெடிப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

எதைக் கேட்கிறேன் என்று புரிந்துகொண்டாள். "என்னத்த சொல்றது. கடசியா ஒங்க கம்பெனி பேர சொன்னாங்க. அப்பறம்தான் எனக்கு உசுரே வந்துச்சு."

"அதுக்கு ஏன் சிரிச்ச? செருப்பால அடிக்க வேண்டியதுதான?"

"நீதானடி சொன்ன, சிரிக்கலன்னா அந்த வீடியோ வேஸ்ட்டாப் பூடும்னு. ஒம்பொழப்புல நான் மண்ண அள்ளிப் போடுவனா?" குனிந்தபடியே பேசினாள். "கால்ல வுழுந்தத மட்டும் வெட்டிடு. கூட வேல செய்யறவங்க பாத்தா ஒரு மாதிரியா இருக்கும். நான் சிரிச்சது நல்லா இருந்துச்சா?"

"எல்லாத்தயும் அழிச்சிட்டேம்மா" என்றேன். "இனிமே யாரும் பாக்க மாட்டாங்க. என்னை வேலைய விட்டு நிறுத்திட்டாங்க, பரவால்ல."

எண்ணெய்க் கை அப்படியே நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தாள். எத்தனையோ முகங்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்தவள் நான். இப்படி ஒரு முகத்தைப் பார்த்ததில்லை.

"அப்ப நான் எதுக்குடி சிரிச்சேன்?" என்று கேட்டு, அழத் தொடங்கினாள்.