பல்லில் பிடித்த நூல்

நூலின் ஒரு முனை அவளுடைய பற்களுக்கிடையில் இருந்தது. மீதியை இரண்டு கைகளும் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. இடது கை விரல்கள் விரிந்தால் நடுவிலுள்ள முறுக்கு வலப்பக்கம் ஓடும். வலது கை விரிந்தால் திரும்பி வரும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புருவத்தின் அடிக்கோட்டிலிருந்து முடி வேரோடு வந்தது. நாற்காலியில் சாய்ந்திருந்த வாடிக்கையாளர் கண்ணை மூடிக்கொண்டு, இமையைத் தன் விரல்களாலேயே இழுத்துப் பிடித்தபடி, ஸ்ஸ் ஸ்ஸ் என்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

வாயோரத்தில் சுருக்கென்றது. என்னவென்று பார்க்கவே வேண்டியதில்லை. உதடு மறுபடியும் வெடித்துவிட்டது. கீழே பார்த்தாள். வெள்ளை நூலில் ஒரு செம்புள்ளி ஊறி, முறுக்கை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. நூலை விடுவதற்குள் புருவத்துக்கு மேலே ஒரு துளி பட்டுவிட்டது.

"கண்ணைத் திறக்காதீங்க மேடம், முடி ஒட்டியிருக்கு" என்று சொல்லிக்கொண்டே பஞ்சை எடுத்து ஒற்றி, மருந்துத் தண்ணீரால் துடைத்து, பஞ்சைக் கைக்குள் சுருட்டி மறைத்து, நூலை மாற்றினாள். எல்லாம் ஒரே மூச்சில் நடந்தது. புருவம் முடிந்து, அவள் முகமூடியை மேலே ஏற்றிக்கொண்ட பிறகு, அந்த அம்மாள் கண்ணாடியில் பார்த்து, "இதுக்குத்தான் உன்கிட்டயே வர்றேன்" என்று கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். தட்டிய இடத்தில் ஒரு பருக்கட்டி இருந்தது. உயிர் போய் உயிர் வந்தது.

கடைக்காரி அக்கா கல்லாவில் இருந்தபடியே எதிர்க் கண்ணாடியில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டிருந்தாள். அழகு நிலையம் என்றால் நான்கு பக்கமும் கண்ணாடி. அங்கே எதையும் ஒளிக்க முடியாது.

"மாஸ்க்கு, இங்க வா."

அவளுக்கு அந்தக் கடையில் அதுதான் பெயர். முகமூடி இல்லாமல் அவளை வாடிக்கையாளர் யாரும் பார்த்ததில்லை. புருவம் எடுக்கும்போது மட்டும் வேறு வழியின்றி அது தாடைக்கு இறங்கும். நூலைப் பிடிக்கப் பல் வேண்டுமே. அந்த நேரத்தில் வாடிக்கையாளர் கண்ணை மூடியிருப்பார் என்பதுதான் அவளுடைய ஒரே நிம்மதி. முகத்தை அழகாக்கும் வேலையில் இருப்பவளுக்கு முகம் நிறையக் கட்டிகள். கன்னத்தில் கொட்டைப்பாக்கு அளவில் சிவந்து, அழுத்தினால் எலும்பு வரை வலிப்பவை. கடையில் இருந்த கிரீம் எதையும் அவள் விட்டுவைக்கவில்லை.

அக்கா குரலைத் தாழ்த்தினாள். "கஸ்டமர் மேல ரத்தம் பட்டுச்சுன்னு வெளிய தெரிஞ்சா, நான் கடையைச் சாத்திட்டுப் போக வேண்டியதுதான். தெரியுமில்ல?"

"பரு மாத்திரையாலக்கா. உதடு காயுது."

"அப்ப மாத்திரையை நிறுத்து."

"பாதியில நிறுத்தக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. பழையபடி கட்டி வந்துடும்."

அக்கா பெருமூச்சு விட்டாள். அவள் கெட்டவள் இல்லை. அடுத்த வாரம் கல்யாணமாகும் பெண் ஒருத்தி, "அந்த மாஸ்க் போட்ட பொண்ணுதான் என் புருவத்தைத் தொடணும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். புருவத்தில் ஒரு முடி கூடுதலாகப் போனாலும் கல்யாண ஆல்பம் முழுக்கத் தெரியும். வளர்ந்து சேர மாதக்கணக்காகும். அதனால் அக்காவுக்கும் இவள் வேண்டும். "அந்தப் பொண்ணு வர்றதுக்குள்ள உதட்டைச் சரி பண்ணு. அன்னிக்கும் ரத்தம் வந்துச்சுன்னா, மாத்திரை முடியற வரைக்கும் நீ பின் ரூம்லதான். கால் தேய்க்கிற வேலை. இந்தச் சேருக்கு வேற ஆளைப் போட்டுடுவேன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாத."

வேறு ஆள் வந்துவிட்டால் நாற்காலி திரும்பி வராது. அது இருவருக்குமே தெரியும்.

மாத்திரை என்று எல்லோரும் சொன்னாலும் அது மாத்திரை இல்லை. எண்ணெய் அடைத்த வழுவழுப்பான குப்பி, கேப்சூல். அதைத் தொடங்கியதே ஒரு பெரிய கலவரத்தோடுதான். தோல் டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். உதடும் கண்ணும் மூக்கும் காயும். முதலில் கட்டிகள் கூடிவிட்டுத்தான் குறையும். வெயிலில் நிற்கக் கூடாது. ரத்தப் பரிசோதனை செய்துகொண்டே இருக்க வேண்டும். மனம் சோர்ந்தால் உடனே வந்து சொல்ல வேண்டும். இதைச் சாப்பிடும்போது கர்ப்பம் தரித்தால் குழந்தைக்குப் பெரிய கோளாறு வரும், ஆகவே மாதாமாதம் கர்ப்பப் பரிசோதனையும் உண்டு.

பக்கத்தில் இருந்த அம்மா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். "கல்யாணம் ஆகாத பொண்ணுகிட்ட கேக்கற கேள்வியா டாக்டர் இது?"

"கல்யாணம் ஆச்சான்னு மாத்திரைக்குத் தெரியாதும்மா" என்றார் டாக்டர். "உங்க பொண்ணை நான் சந்தேகப்படல. இந்த வயசுல யார் வந்தாலும் இதேதான்."

அம்மா உட்கார்ந்தாள். ஆனால் அதற்கு மேல் ஒரு குண்டு காத்திருந்தது. குப்பியை வெறும் வயிற்றில் விழுங்கக் கூடாது, எண்ணெய்ப் பசையுள்ள சாப்பாட்டோடு சாப்பிட்டால்தான் உடம்பில் ஏறும் என்றார் டாக்டர். மகளுக்குப் பருவம் வந்ததிலிருந்து "எண்ணெய்தான் உன் மூஞ்சியைக் கெடுக்குது" என்று அவித்ததையே போட்டு வளர்த்தவள் அம்மா. அன்றிரவு பொரித்த முட்டையைத் தட்டில் வைத்தபோது, "இத்தனை வருஷம் உன் வாயைக் கட்டினது வீணா?" என்று கேட்டாள். மகளிடம் கேட்டாளா முட்டையிடம் கேட்டாளா, தெரியவில்லை.

டாக்டர் சொன்னபடியே முதலில் கூடியது. இருந்த கட்டிகளோடு புதியவையும் சேர்ந்து கிளம்பின. கண்ணாடி நிறைந்த கடையில் கண்ணாடியைப் பார்க்காமல் நடக்கக் கற்றுக்கொண்டாள். பிறகு ஒரு காலையில் தலையணை உறையில் ரத்தமோ சீழோ இல்லை. அடுத்த நாளும் இல்லை. நெற்றியில் விரலை ஓட்டியபோது ஓரிடத்தில் மட்டும் வெறும் தோல் தட்டுப்பட்டது. அந்த இடத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். நம்பினால் போய்விடுமோ என்ற பயம்.

இந்த நேரத்தில்தான் அக்கா இப்படிக் கெடு வைத்தாள். ஒரு பக்கம் நாற்காலி, ஒரு பக்கம் நெற்றி. ஒரு நாள் குப்பியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு முட்டை ஆறும் வரை உட்கார்ந்திருந்தாள். "என்னடி, மூஞ்சி வாடியிருக்கு? மனசு சோர்வா இருக்கா? டாக்டர்கிட்ட சொல்லவா?" என்று அம்மா ஓடிவந்தாள். மருந்தின் பக்கவிளைவுகளில் அம்மாவும் ஒன்று என்று தோன்றியது. சிரிப்பு வந்தது. சிரித்ததில் உதடு வெடித்தது. குப்பியை விழுங்கினாள்.

பதற்றத்தில் இருப்பவர்கள் செய்யும் தப்பையே அவளும் செய்தாள். கடையில் கூட்டமில்லாத மதிய நேரத்தில் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் சீர் செய்துகொள்வது வழக்கம். பக்கத்து நாற்காலிக்காரி சுருட்டைமுடிக்காரி. எல்லோருக்கும் அவள் சுருட்டை.

"ஏய், மேலுதட்டுல உனக்கு மீசை முளைச்சிருக்குடி. கல்யாணப் பொண்ணு உன்னைப் பாத்து மாப்பிள்ளைன்னு நெனச்சுடப் போறா."

"சும்மா இரு. நூல் வேணாம், உதடு இழுக்கும்."

"வேக்ஸ் போடறேன் வா. ஒரே இழுப்பு."

எத்தனையோ முறை செய்ததுதான். சாய்ந்துகொண்டாள். சுருட்டை வெதுவெதுப்பான மெழுகைத் தடவி, துணிப் பட்டையை ஒட்டி, அழுத்தித் தேய்த்து, சரக்கென்று இழுத்தாள். வழக்கமான வலி இல்லை இது. நெருப்பு வைத்த மாதிரி இருந்தது. சுருட்டையின் முகம் வெளுத்துப்போனது. பட்டையில் முடியோடு தோலும் இருந்தது.

"ஐயோ, நான் ஒண்ணும் பண்ணலடி. எப்பவும் இழுக்கற மாதிரிதான்டி இழுத்தேன்…"

அக்கா அவளைக் கையோடு டாக்டரிடம் அனுப்பிவைத்தாள். போகும் வழியெல்லாம் ஒரே எண்ணம்தான். இது வடுவாகிவிடும். குப்பி கொடுத்த முகத்தை என் வேலையே கெடுத்துவிட்டது.

"வேக்ஸ் கூடாதுன்னு முதல் நாளே சொன்னேனே?" என்றார் டாக்டர், விளக்கை முகத்துக்கு நேராகத் திருப்பி.

"காசு குடுத்துப் பண்ணிக்கிறதைச் சொல்றீங்கன்னு நெனச்சேன் டாக்டர். இது நாங்க எங்களுக்குள்ள சும்மா பண்ணிக்கிறது."

டாக்டர் பஞ்சை எடுத்துப் புண்ணை ஒற்றினார். "தோல் இப்ப காகிதம் மாதிரி இருக்கு. யார் இழுத்தாலும் வந்துடும், ஓசியில இழுத்தாலும். நல்லவேளை, மேலாகத்தான் போயிருக்கு. கிள்ளாம, வெயில் படாம பாத்துக்கிட்டா வடு விழ வாய்ப்பு கம்மி." களிம்பு எழுதினார். பிறகு உதட்டைப் பார்த்தார். "இவ்வளவு வெடிச்சிருக்கே, ஏன் வந்து சொல்லல?"

"நிறுத்தச் சொல்லிடுவீங்களோன்னு பயந்துட்டேன்."

"நிறுத்த வேணாம். அளவைக் கொறைக்கலாம். கொஞ்சம் கூடுதல் காலம் சாப்பிடணும், அவ்வளவுதான். நாக்கால நக்காத. உதட்டுல எப்பவும் களிம்பு இருக்கணும். பல்லுல நூல் பிடிச்சுத்தான் புருவம் எடுக்கறேன்னு சொன்னியே, ஆறுற வரைக்கும் அது ஆகாது."

அது ஆகாது என்றால் புருவமும் ஆகாது. வீடு வரும்வரை அந்த ஒரு சொல் தலைக்குள் சுற்றியது. கதவைத் திறக்கும்போதுதான் வேறொன்று நினைவுக்கு வந்தது. பல்லுக்குப் பதிலாக நூலைக் கழுத்தைச் சுற்றி மாட்டி வேலை செய்பவர்களும் உண்டு என்று யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறாள். பார்த்ததில்லை.

நீள நூலை வளையமாகக் கட்டிக் கழுத்தில் மாட்டி, முதலில் தன் கெண்டைக்காலில் முயன்றாள். பல் சொன்னபடி கேட்கும். இழுவிசை கூடினால் லேசாக விட்டுக் கொடுக்கும். கழுத்து அப்படியில்லை. முறுக்கு ஓடினால் தலையும் கூடவே ஆடியது. ஒரு முடிக்குப் பதில் ஒரு கொத்து வந்தது. கழுத்தை அசைக்காமல் தோளால் நூலைத் தளர்த்தி இறுக்க வேண்டும் என்று புரிவதற்குள் கால் வழுக்கையாகிவிட்டது. அடுத்து அம்மாவை உட்கார வைத்தாள்.

"மெதுவாடி… போதும்டி… ஏன் பேசாம இருக்க? என்ன ஆச்சு?"

ஒன்றும் ஆகவில்லை, வலது புருவம் மட்டும் பாதி காணாமல் போயிருந்தது. அம்மா கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "உங்கப்பா சண்டைக்கு வரும்போது இனி ஒரு பக்கமா மொறைக்கிறேன்" என்றாள். இடது புருவம் சரியாக வந்தது. ஆனால் கல்யாணப் பெண்ணுக்கு வலது பக்கமும் சரியாக வர வேண்டுமே. அதை முயன்று பார்க்க அம்மாவிடம் இனி வலது புருவம் இல்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் பெண் வந்தாள், தன் அத்தையோடு. மேலுதட்டுப் புண்ணில் முகமூடி உரசி எரிந்தது. மூச்சின் ஈரத்தில் களிம்பு கரைந்து ஒழுகியது. ஓரமாகத் திரும்பித் துணியை விலக்கி ஒற்றும்போது, அத்தை எதிர்க் கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

"இந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு இவளா நம்ம பொண்ணைத் தொடப்போறா? ஒட்டிக்கிட்டா?"

அக்கா வாயைத் திறப்பதற்குள் அவள் முகமூடியைக் கழற்றிவிட்டாள். பெண்ணைப் பார்த்துத்தான் சொன்னாள். "இது ஒட்டாதுங்க. மருந்து சாப்பிடறேன். இந்தப் புண்ணு வேக்ஸ்ல தோல் உரிஞ்சது. உதடு வெடிச்சிருக்கறதால பல்லுல நூல் பிடிக்க முடியாது, கழுத்துல மாட்டித்தான் எடுப்பேன். இந்த முறையில உங்களுக்குத்தான் முதல்ல பண்றேன். வேணாம்னா சுருட்டை பண்ணுவா. அவளும் நல்லாவே பண்ணுவா."

கல்யாணப் பெண் அவளுடைய முகத்தை மேலிருந்து கீழாக நிதானமாகப் பார்த்தாள். அவ்வளவு நேரம் யாரும் பார்த்ததில்லை.

"முதல்ல எனக்குத்தானா?"

"எங்கம்மாவுக்குப் பண்ணேன். ஒரு பக்கம் நல்லா வந்துச்சு."

சுருட்டை களுக்கென்று சிரித்துவிட்டாள். பெண்ணும் சிரித்தாள். "அந்த இன்னொரு பக்கத்தைப் பத்தி இப்ப சொல்லாதீங்க. ஆரம்பிங்க. அத்தை, நீ உக்காரு, லைட்டை மறைக்காத."

வலது புருவத்திலிருந்தே தொடங்கினாள், பயத்தைத் தள்ளிப்போடக் கூடாதென்று. நூல் பிடரியை அறுத்தது. கண் வறண்டு மணல் அப்பியது போலிருந்தது. நிறுத்திச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, கை கழுவி மறுபடி வந்தாள். தோள் இறங்க முறுக்கு ஓடியது. ஒன்று. மறுபடி ஒன்று. கொத்தாக வரவில்லை. வளைவின் உச்சியில் ஒரே ஒரு முடி துருத்தி நின்றது. எடுத்தால் கோடு மெலிந்துவிடுமோ, விட்டால் முண்டாகத் தெரியுமோ என்று தள்ளி நின்று பார்த்தாள், கிட்ட வந்து பார்த்தாள், மறுபடி தள்ளிப் போனாள்.

"என்னம்மா, எதாவது ஆயிடுச்சா?" அத்தை எழுந்தார்.

"இல்லைங்க. யோசிக்கிறேன்."

எடுக்கவில்லை. சீப்பால் படிய வைத்து, கத்தரியால் நுனியை மட்டும் நறுக்கினாள். இடது புருவம் அதைப் பார்த்து வந்தது.

பின்னாலிருந்து அக்கா கேட்டாள். "உதடு?"

கைக்குட்டைத் தாளை எடுத்து வாயில் ஒற்றி, விரித்துக் காட்டினாள். களிம்பின் எண்ணெய்ப் பசை மட்டும் இருந்தது. அக்கா தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கசக்கிக் கூடையில் போட்டாள். "சரி. நாளைக்கு வெள்ளன வந்துடு. பொண்ணோட தங்கச்சிங்களுக்கும் நீதான் புருவம். கழுத்துக்கு ஏதாவது துணி வச்சுக்க, கோடு விழுந்திருக்கு."

அவள் தலையாட்டினாள். சிவந்த இடங்களில் குளிர்ந்த பஞ்சை ஒற்றி, உதிர்ந்த முடிகளைத் தூரிகையால் தள்ளி, நாற்காலியை நிமிர்த்தினாள். கைக்கண்ணாடியை முந்தானையில் ஒரு தடவை துடைத்தாள், போதாதென்று இன்னொரு தடவை.

"இப்ப கண்ணைத் திறங்க" என்று சொல்லி, கண்ணாடியைக் கல்யாணப் பெண்ணின் கையில் கொடுத்தாள்.