ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றாறில் ஒரு களை

என் வீட்டுக்காரர் இறந்து இருபத்திரண்டு நாள் ஆகியிருந்தது. தேர்வுக்குப் பதினொரு நாள் இருந்தது. எங்கள் குறிப்புப் புத்தகத்தின் 1896-ஆம் ஆண்டுப் பக்கத்தில் ஒரு வரி பொய் என்பது எங்களிடம் படித்த முப்பத்தெட்டுப் பேருக்கும் தெரியும். எந்த வரி என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தென்காசியில் ஒரு பாத்திரக்கடையின் மாடியில் நானும் அவரும் அரசுத் தேர்வுக்கான பயிற்சி வகுப்பு நடத்திவந்தோம். நான் தமிழ், அவர் வரலாறும் பொது அறிவும். ஆண்டுதோறும் ஒரு புத்தகம் அச்சடிப்போம். பக்கத்துக்கு ஒரு வருடம். அந்த வருடத்தில் உலகத்தில் நடந்த பெரிய சங்கதிகள் பத்து வரியில். புத்தகம் வெளியான கொஞ்ச நாளில் வேறொருவர் அதை அப்படியே எடுத்துத் தன் அட்டையைப் போட்டு விற்பார். எங்கள் அச்சுப்பிழைகள்கூட அலுங்காமல் அதில் இருக்கும். கேட்டால், வரலாறு எல்லாருக்கும் பொதுதானே என்று பதில் வரும்.

அதனால் இவர் ஒரு காரியம் செய்தார். ஒவ்வொரு பதிப்பிலும் வேண்டுமென்றே ஒரே ஒரு வரியைத் தப்பாக எழுதிவைத்தார். திருடுகிறவர் அந்தத் தப்பையும் சேர்த்துத் திருட வேண்டும். அப்புறம் வரலாறு பொது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. இலஞ்சியில் நெல் விவசாயம் பார்த்த குடும்பத்தில் பிறந்தவர் என்பதால் அந்த வரிக்குக் களை என்று பெயர் வைத்தார். எந்தப் பக்கம் என்பதை முன்னாலேயே சொல்லிவிடுவார். எந்த வரி என்பதைத் தேர்வுக்கு முந்தைய கடைசி வகுப்பில்தான் சொல்வார். பிள்ளைகள் பேனாவால் அடித்துத் திருத்திக்கொள்வார்கள். அந்த வகுப்புக்கே களையெடுப்பு என்று பெயர்.

எனக்கு இது பிடிக்காது. படிக்கிறவர்கள் கையில் பொய்யைக் கொடுப்பதாவது! கடைசி வகுப்பன்று ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்று பலமுறை சண்டை பிடித்திருக்கிறேன்.

“வராதவங்களுக்குப் போன் போட்டுச் சொல்லுதேம்லா. நீ ஏன் கெடந்து மறுகுத?” என்பார்.

கடைசி வகுப்புக்கு அவரே வராமல் போவார் என்று நான் வாதாடவில்லை. எனக்கு அது தோன்றவில்லை.

புத்தகத்துக்குப் பிழை திருத்துவது நான்தான். களை எது என்று எனக்கும் சொல்ல மாட்டார். கண்டுபிடித்தால் பார்க்கலாம் என்பார். இந்த முறை 1896-இன் அச்சுத்தாளைக் கொடுத்தபோது நான் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கிப் படித்து, ஓரத்தில் ‘சரி’ என்று எழுதித் திருப்பிக் கொடுத்தேன்.

“எல்லாம் சரியா இருக்கா?” என்றார்.

“சரிதான்.”

“நல்லாப் பாத்தியா?”

“பாத்தாச்சுங்கேன். அடுப்புல குழம்பு கெடக்கு.”

அவர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். பிறகு போய்விட்டார்.

அவர் இறந்ததைப் பற்றி எழுத அதிகம் இல்லை. காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றார். திருநெல்வேலிக்குக் கொண்டுபோகும் வழியில் முடிந்துவிட்டது. வந்தவர்கள் எல்லாரும் நான் அழவேண்டும் என்று காத்திருந்தார்கள். “அழுதிரு, அழுதிரு” என்று என் நாத்தனார் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அழுகை வரவில்லை. வெகுநேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் கால் மரத்துப்போகும் இல்லையா, அது உடம்பு முழுக்க ஏறிவிட்டதுபோல இருந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே வகுப்புக்குப் போனேன். போகாமல் வீட்டில் இருந்து என்ன செய்ய?

இருபத்திரண்டாம் நாள் புளியறையிலிருந்து ஒரு மாணவி போன் செய்தாள். மாணவி என்றாலும் இரண்டு பிள்ளைகளின் தாய். சோதனைச்சாவடிப் பக்கம் லாரிக்காரர்களுக்குப் புட்டும் கடலையும் போடும் கடை அவளுடையது. கடையை மாமியாரிடம் விட்டுவிட்டுப் பஸ் ஏறி வருவாள்.

“டீச்சர், கேக்கக் கூடாதுதான். தப்பா நெனைக்காதீங்க. களை எதுன்னு சார் உங்ககிட்டச் சொல்லிருக்காகளா? இந்தத் தடவ விட்டா எனக்கு வயசு தாண்டிரும். போன தடவ ஒரே ஒரு கேள்வியிலதான் போச்சு.”

“களையெடுப்புக்கு வா. சொல்லுதேன்” என்று சொல்லி வைத்துவிட்டேன். எனக்குத் தெரியாது என்பதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் பகலில் நூலகத்துக்குப் போய் உட்கார்ந்தேன். பத்து வரிகள். ஒவ்வொன்றாகத் தேடி டிக் அடிப்பது என்று வைத்துக்கொண்டேன். ஜனவரியில், தோலுக்கு உள்ளே இருப்பதைக் காட்டும் புதுக்கதிர் பற்றிய செய்தி ஐரோப்பியப் பத்திரிகைகளில் வந்திருக்கிறது. கண்டுபிடித்தவர் தன் மனைவியின் கையைத்தான் படமெடுத்தார். எலும்பும் மோதிரமும் மட்டும் தெரியும் கை. சரி. மார்ச் முதல் தேதி எத்தியோப்பியாவிடம் இத்தாலி தோற்றது. சரி. ஏப்ரலில் ஏதென்ஸில் ஒலிம்பிக் பந்தயங்கள். சரி. மே மாதம் மாஸ்கோவில் முடிசூட்டு விழாப் பரிசு வாங்கக் கூடிய கூட்டத்தில் மிதிபட்டு ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். புதிய மன்னர் அன்று மாலையே நடன விருந்துக்குப் போனார். எல்லாரும் அவரைத் திட்டியிருக்கிறார்கள். எனக்கு அவரைத் திட்டத் தோன்றவில்லை. ஆகஸ்டில் சான்சிபாரில் ஒரு போர், முக்கால் மணி நேரம்கூட நீடிக்கவில்லை. நாங்கள் ஆம்புலன்ஸில் இருந்தது அதைவிட அதிக நேரம். பிறகு பம்பாயில் பிளேக்.

ஜூன் மாத வரியில்தான் கொஞ்சம் நின்றேன். ஜப்பானில் கடல் பொங்கி ஊர் ஊராக வாரிக்கொண்டு போயிருக்கிறது. அந்த நேரம் நடுக்கடலில் மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்களுக்குப் படகின் அடியில் அலை கடந்து போனதே தெரியவில்லையாம். விடிந்து கரைக்குத் திரும்பியபோது ஊர் இல்லை. அவர்களை எனக்கு நன்றாகவே புரிந்தது. அதற்கும் ஒரு டிக் அடித்தேன்.

பத்து வரிக்கும் டிக் விழுந்துவிட்டது. இந்த முறை களை வைக்க மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று முடிவு கட்டினேன்.

களையெடுப்பு அன்று சாரல் விழுந்துகொண்டிருந்தது. கீழே குற்றாலத்துக்குப் போகும் வேன்கள் வரிசையாக நின்று ஹாரன் அடித்தன. முப்பத்தெட்டுப் பேரும் வந்திருந்தார்கள், கையில் சிவப்புப் பேனாவோடு. அவர் நிற்கும் இடத்தில் நின்று, “இந்தத் தடவை களை இல்ல. எல்லாத்தையும் பாத்துட்டேன், எல்லாம் சரி” என்றேன்.

புளியறைக்காரி எழுந்து நின்றாள். “டீச்சர், ஏழாவது வரி. பம்பாய் ஓட்டல்ல மொதல்மொதலா சினிமாப் படம் காட்டுனது ஜூலை பதினாலுன்னு இருக்கு. நான் மூணு எடத்துல பாத்துட்டேன். ஏழாந்தேதின்னுதான் போட்டிருக்கு.”

“அதெல்லாம் இல்ல. பதினாலுதான்” என்றேன். கொஞ்சம் எரிச்சலாகவே சொன்னேன்.

“எதுல பாத்தீங்க டீச்சர்?”

அவள் மரியாதையாகத்தான் கேட்டாள். நான் டிக் அடித்த பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். மற்ற ஒன்பது வரிகளையும் தேடிப் பார்த்த நான் அந்த ஒரு வரியைத் தேடவே இல்லை. ஜூலை பதினான்கு என்று படித்ததும், தெரிந்ததுதானே என்று டிக் அடித்திருக்கிறேன். அச்சுத்தாளிலும் அப்படித்தான் செய்திருக்க வேண்டும். எனக்கு அந்தத் தேதி நன்றாகத் தெரியும். ஆனால் பம்பாய்க்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

எங்கள் பக்கத்தில் சீசன் நேரமென்றால் பெண் பார்ப்பதைக் குற்றாலத்தில் வைத்துக்கொள்வதும் உண்டு. இரண்டு குடும்பமும் குளிக்க வந்ததுபோல வரும். பிடித்தால் பேச்சு தொடரும். பிடிக்காவிட்டால் குளித்த மட்டும் லாபம் என்று வீட்டுக்குப் போகலாம். ஆடி பிறந்துவிட்டால் பேச்சையே எடுக்கக் கூடாது என்று எங்கள் வீட்டில் இரண்டு மூன்று நாள் முன்னதாக அவசர அவசரமாக ஏற்பாடு செய்தார்கள். ஐந்தருவியில் நான் குளித்துத் தலை துவட்டி நின்றேன். அவர் தலை நிறைய எண்ணெய் தேய்த்து வரிசையில் நின்றபோது தண்ணீர் கூடிவிட்டது. போலீஸ்காரர் விசிலடித்து எல்லாரையும் விரட்டினார். அவர் எண்ணெய் வழியும் முகத்தோடு, எரிகிற ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மற்ற கண்ணால் என்னைப் பார்த்தார். நான் சிரித்துவிட்டேன். அம்மா கையில் கிள்ளினாள். அது ஜூலை பதினான்கு.

கல்யாண நாளையே நான்தான் ஞாபகப்படுத்த வேண்டும், அப்படிப்பட்ட மனிதர். அந்தத் தேதியை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். இதை நேரில் சொன்னால் வாய் வலித்துவிடுமா? உலக வரலாற்றுக்கு நடுவே செருகிவைத்தால் நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?

“நீ சொல்லுதது சரிதான். களை அதுதான்” என்றேன். “எல்லாரும் பதினாலை அடிச்சிட்டு ஏழுன்னு எழுதிக்கிடுங்க.”

முப்பத்தெட்டுப் பேரும் குனிந்து அடித்தார்கள். காகிதத்தில் பேனா கீறும் சத்தம் மாடி முழுக்கக் கேட்டது. முன்வரிசையில் ஒருவர், தெரிந்துவிடக் கூடாது என்பதுபோல, திரும்பத் திரும்ப அடித்தார். ஒரு கோடு போதும் என்று சொல்ல நினைத்தேன்.

“சார் ஏன் டீச்சர் பதினாலுன்னு போட்டாக?” என்று அவள் கேட்டாள்.

“அன்னைக்கு அஞ்சருவில தண்ணி ஜாஸ்தி” என்றேன். யாருக்கும் விளங்கவில்லை.

தேர்வில் 1896 பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை. நன்றாக எழுதியிருப்பதாகப் புளியறையிலிருந்து போன் வந்தது. முடிவு இன்னும் வரவில்லை.

களையெடுப்பு முடிந்து வீட்டுக்கு வந்ததும் அவர் மேசையில் அந்த அச்சுத்தாளைத் தேடி எடுத்தேன். ஓரத்தில் என் கையெழுத்தில் ‘சரி’ என்று இருந்தது. மூலையில் புளிக்கரைசல் பட்ட விரல் தடம். ஏழாவது வரிக்குக் கீழே பென்சிலால் மெல்லிய கோடு ஒன்று இழுத்திருந்தார். நான் கோட்டைவிட்ட பிறகு இழுத்திருப்பார். கையில் தாளோடு சமையலறை வாசலில் எனக்காக அவர் நின்ற அந்தக் கொஞ்ச நேரம் ஞாபகம் வந்தது.

“நல்லாப் பாக்கலைங்க” என்றேன், அந்த வாசலைப் பார்த்து. அதற்குப் பிறகுதான் அழுதேன்.