திருத்தி அடித்த பதினோராம் பக்கம்

கமலவேணி அம்மையார் காலமான செய்தி எனக்குக் கல்லூரிச் சுற்றறிக்கையாக வந்தது. ஒரே ஒரு தாள்; அதில் நான்கு எழுத்துப் பிழைகள். எத்தனையோ ஆண்டுகள் இந்தக் கல்லூரியின் ஒவ்வொரு சுற்றறிக்கையையும் பிழையில்லாமல் தட்டச்சு செய்து கொடுத்தவரின் மரணத்தை எங்களால் இப்படித்தான் அறிவிக்க முடிந்தது. கையெழுத்துப் போட்டுப் பியூனிடம் திருப்பிக் கொடுத்தேன்.

அன்று பிற்பகல் முதல்வர் கூப்பிட்டனுப்பினார். ஆண்டு மலருக்கு அம்மையாரைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும், நீர்தான் அவருடன் அதிகம் பழகியவர் என்றார். நான் எழுந்தபோது, அந்த வங்கி மாநாட்டைப் பற்றியும் நாலு வரி நல்லதாகச் சேர்த்துவிடும், கல்லூரிக்கே பெருமை தேடித் தந்த நிகழ்ச்சி அல்லவா என்றார். சேர்க்கிறேன். நாலு வரி போதாது. இதை மலரில் போடமாட்டார்கள் என்பதும் தெரியும்.

அம்மையார் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். உடன்பிறந்தவர்கள் எல்லோரும் தறியில் உட்கார, இவர் மட்டும் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டைப்ரைட்டிங்கில் ஹையர் தேறி, கல்லூரி அலுவலகத்துக்கு வந்தார். நான் பொருளியல் விரிவுரையாளராகச் சேர்ந்த முதல் மாதம், வயிற்றுவலி என்று ஒரு வெள்ளிக்கிழமைக்கு விடுப்பு கேட்டு எழுதிக் கொடுத்தேன். படித்துப் பார்த்தவர், எனக்கு முன்பு அந்த இடத்தில் இருந்தவருக்கும் புதுப்படம் வரும் வெள்ளிக்கிழமைகளில்தான் வயிறு வலிக்கும் என்று சொல்லிவிட்டு, முகத்தில் சிரிப்பே இல்லாமல் முத்திரை குத்தினார். அன்றிலிருந்து அவரிடம் நான் பொய் சொல்வதில்லை என்று வைத்துக்கொண்டேன். இரண்டே முறை சொன்னேன்.

தெருவில் யாருக்கு எந்தப் படிவம் நிரப்ப வேண்டுமென்றாலும் அவர்தான். ஊரில் அப்போது ஒரு சிறிய தனியார் வங்கி இருந்தது. கூலியில் மிச்சம் பிடித்ததை மகள் கல்யாணத்துக்கென்று பெண்கள் அதில் போட்டு வைத்தார்கள். அந்தத் தெருவின் கணக்குகள் ஏறக்குறைய எல்லாமே அம்மையார் படிவம் எழுதிக் கொடுத்துத் தொடங்கியவை.

அறுபதுகளின் கடைசி அது. வங்கிகளை அரசாங்கமே எடுத்துக்கொள்ளப் போகிறது என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. அப்போது எங்கள் துறைத் தலைவராக இருந்தவர்தான் இன்றைய முதல்வர். வங்கிகளின் உறுதிப்பாடும் மக்கள் நம்பிக்கையும் என்ற தலைப்பில் அவர் இரண்டு நாள் ஆய்வு மாநாடு ஒன்றைக் கூட்டினார். சாப்பாட்டுச் செலவு முழுவதையும் அந்த உள்ளூர் வங்கியே ஏற்றுக்கொண்டது. வந்த கட்டுரைகளையெல்லாம் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்த ஒரே ஆள், அவற்றை ஸ்டென்சிலில் அடித்த கமலவேணி அம்மையார்தான்.

துறைத் தலைவரின் கட்டுரையில் பதினோராம் பக்கம் இப்படிச் சொன்னது: பட்டு நெசவூர் ஒன்றில் உள்ள சிறு வங்கி, தான் கொடுத்த கடனில் பெரும்பகுதியைத் தன் இயக்குநர்களின் சொந்தக் கடைகளுக்கே கொடுத்திருக்கிறது, அது திரும்பி வரும் என்று தோன்றவில்லை. வங்கியின் பெயர் இல்லை. காஞ்சிபுரத்தில் யாருக்கும் பெயர் தேவையும் இல்லை. மறுநாள் அந்தப் பக்கத்தை மாற்றி எழுதிக் கொடுத்துத் திரும்ப அடிக்கச் சொன்னார். புதிய பக்கத்தில் அதே வங்கி சிற்றூர் வங்கிகளுக்கெல்லாம் முன்மாதிரியாகியிருந்தது. அம்மையார் இரண்டு தாள்களையும் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார்.

"நேத்து அடிச்சது ஒண்ணு, இன்னிக்கி அடிக்கறது ஒண்ணு. எது சார் நெசம்?"

நான் புத்தகத்தில் படித்ததைச் சொன்னேன். வங்கி நம்பிக்கையில் நிற்பது. இந்தச் செய்தி வெளியே போனால் எல்லோரும் ஒரே நாளில் பணம் கேட்டு வருவார்கள். அந்தக் கூட்டத்தை நல்ல வங்கிகூடத் தாங்காது. தலைவர் யோசித்துத்தான் எடுத்திருப்பார்.

"கூட்டம் வந்தா நல்ல பேங்கே உழுந்துடும்ன்றீங்க. கெட்ட பேங்கு கூட்டம் வராமலே உழுமே சார்," என்றார்.

அந்த மாநாட்டில் வாசிக்கப்பட்ட எந்தக் கட்டுரையிலும் இதற்கு ஈடான ஒரு வாக்கியம் இல்லை. முதல் நாள் அமர்வு நண்பகலுக்குச் சற்று முன்புதான் தொடங்கியது. அறிஞர்கள் அம்மன் கோயிலில் சிறப்பு தரிசனம் முடித்து வர வேண்டியிருந்தது. பிற்பகலில் பாதி நாற்காலிகள் காலி. வங்கியின் காரில் மனைவிமார்களோடு பட்டுக்கடைக்குப் போயிருந்தார்கள். மீதிப் பாதி, வங்கி போட்ட இலையில் இரண்டாம் முறை பாயசம் வாங்கிச் சாப்பிட்ட களைப்பில் தூங்கியது. மேடையில் ஒருவர் இரண்டு பக்கங்களைச் சேர்த்துத் திருப்பிவிட்டு, விட்டுப்போனதே தெரியாமல் வாசித்துக்கொண்டு போனார். கேட்டவர்களுக்கும் தெரியவில்லை, கை தட்டினார்கள்.

இரண்டாம் நாள் துறைத் தலைவர் வாசித்து முடித்து, கேள்வி உண்டா என்றார். பின்சுவரோரம் பிரதிக் கட்டோடு நின்ற அம்மையார் பேசினார்.

"பதினோராம் பக்கத்த நான் ரெண்டு தபா அடிச்சேன் சார். ரெண்டும் வேற வேற சொல்லுது. அந்த பேங்குல பணம் போட்டவங்க எங்க தெருக்காரங்க. எந்தப் பக்கம் தப்புன்னு சொல்லிட்டீங்கன்னா போதும்."

துறைத் தலைவர் புன்னகை செய்தார். தட்டச்சுப் பிழைகளைச் சாப்பாட்டுக்குப் பிறகு அலுவலகத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். சபை சிரித்தது. முன்வரிசையில் உட்கார்ந்து நானும் சிரித்தேன். அதோடு சாப்பாட்டு மணி அடித்துவிட்டார்கள்.

கை கழுவும் இடத்தில் அம்மையார் என்னைத் தேடி வந்தார். தெருவில் சொல்லிவிடட்டுமா என்று கேட்டார். கூடாது என்றேன். சொன்னால் நாளைக்கே தெரு முழுக்கப் போய் நிற்கும், முன்னால் நிற்பவருக்குக் கிடைக்கும், பின்னால் நிற்பவர்கள் உங்களைச் சபிப்பார்கள், தலைவர் மேலிடத்துக்கு எழுதுவார், பொறுங்கள் என்றேன். தலைவர் எழுதுவார் என்று என்னிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. நீங்கள் படித்தவர், சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று போய்விட்டார்.

மறுநாள் திங்கட்கிழமை. கவுண்டர் திறப்பதற்கு முன்பே நான் வங்கிக்குள் வரிசையில் நின்றேன். மாகறலில் நிலம் விற்று, தங்கை கல்யாணத்துக்கென்று அப்பா என் பெயரில் போட்டு வைத்திருந்த பணம். எனக்கு முன்னால் துறைத் தலைவர். அவருக்கு முன்னால் மாநாட்டு வரவேற்புக் குழுவில் இரண்டு பேர். முந்தின நாள் சிரித்தவர்கள்தாம் எல்லோரும். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. துறைத் தலைவர் சுவர்க் காலண்டரைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன். சீ என்று அன்றைக்கே எனக்கு என்மேல் தோன்றியது. தோன்றினாலும் வரிசையை விட்டு நகரவில்லை. பணத்தைப் பையில் போட்டுக்கொண்டு முதல் வகுப்புக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தேன்.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் வங்கி மூடிவிட்டது. தெருப் பெண்கள் அம்மையார் வீட்டு வாசலில் வந்து நின்று, நீ எழுதிக் கொடுத்த பாரம்தானே என்று மண்ணை வாரித் தூற்றினார்கள். தமக்கு முன்பே தெரியும் என்றோ, பொறுக்கச் சொன்னது யார் என்றோ அவர் வாயைத் திறக்கவில்லை. சொந்தக் காசில் தாள் வாங்கி, தூற்றியவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு மனு அடித்துக் கொடுத்தார். அவருடைய சேமிப்பும் அதில்தான் போனது. அதையாவது எடுத்திருக்கலாமே என்று கேட்டேன்.

"தெருவே உள்ள இருக்க சொல்ல, நான் மட்டும் எப்டி சார் எடுக்கறது?" என்றார். பிறகு, "உங்களுதும் அதுலதான இருந்துது? போச்சா?"

"போச்சும்மா," என்றேன்.

அடுத்த நாளிலிருந்து அவர் கொண்டுவரும் தூக்கில் எனக்கும் சேர்த்துச் சோறு வந்தது. பணத்தைப் பறிகொடுத்தவன் ஹோட்டலில் செலவழிக்கக் கூடாதாம். வீட்டில் எப்போதும் கூடத்தான் வடிப்பது என்பார். கூட வடிக்கும் நிலை அந்த வீட்டில் அப்போது இல்லை. சில நாள் புளிச்சோறு, பல நாள் கேழ்வரகுக் களி. வேண்டாம் என்றால் உண்மையைச் சொல்ல வேண்டும். ஒரு மாதம் சாப்பிட்டேன். தங்கை கல்யாணத்துக்கு ஒரு சொம்போடு வந்தவர், எப்படியோ பணத்தைப் புரட்டிவிட்டீர்களே என்று மனம் குளிர்ந்து சொல்லிவிட்டுப் போனார்.

நேற்று அவர் வீட்டுக்குப் போனேன். அன்று தூற்றிய பெண்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். மாலை போட்டுவிட்டுத் திரும்பினேன். அவர்களில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்தார். "அக்கா எப்பவும் சொல்லிக்கினே இருக்கும் சார். எங்கள மாதிரியே உங்களுதும் போச்சாமே, பாவம்."

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அம்மையாரின் காலடியில் நின்றுகொண்டே ஆட்டினேன்.

போய் வாருங்கள் அம்மா. என் பணம் போகவில்லை. உங்களைப் பொறுக்கச் சொன்ன மறுநாள் காலையிலேயே எடுத்துவிட்டேன்.