திங்கட்கிழமை மாத்திரை

ஹனூர் பக்கத்து மானாவாரிக் காட்டை விட்டு மைசூருக்கு வந்து, ஒரு மாவு மில், அக்ரஹாரத்தில் மூன்று மாடி வீடு, இரண்டு லாரி, ஒரு கல்யாண மண்டபம் என்று எழுப்பியவன் நான். படிப்பு ஐந்தாம் வகுப்பு. பாங்கியில் கடன் கேட்டபோது சிரித்த மேனேஜர், பிறகு மகள் கல்யாணத்துக்கு என் மண்டபத்தைக் கேட்டு வந்து நின்றார். படித்தவர்களின் சிரிப்பு எனக்குப் புதிதல்ல.

போன வருஷம் கைகளில் வெண்புள்ளி வந்தது. தோல் டாக்டரம்மா ஒரு மாத்திரை கொடுத்தார். திங்கள், புதன், வெள்ளி விழுங்கிவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து வெயிலில் கையை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். வெளிச்சம் பட்டால்தான் அந்த மருந்து வேலை செய்யுமாம். மொட்டை மாடியில் பிச்சை கேட்பவனைப் போல நின்றேன். இரண்டாம் மாதம் வயிற்றில் நெருப்பு. குழாய் விட்டுப் பார்த்து, இரைப்பையில் புண் என்றார்கள்.

"காரம் ஜாஸ்தி தின்றீங்களா யஜமான்ரே?" என்றார் டாக்டரம்மா.

"காரத்த விட்டு பத்து வருசமாச்சுங்க. உங்க மாத்திரதான் காரணம்."

"அது தோலுக்குக் குடுத்த மருந்து. வெயில் வயித்துக்குள்ள போகுமா?"

பக்கத்திலிருந்த பயிற்சி டாக்டர்கள் இரண்டு பேரும் பல்லைக் காட்டினார்கள்.

"வெயில் போகாதுங்க. மாத்திர போகுதில்ல?"

டாக்டரம்மா மணியை அடித்து அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அத்தனை வருஷப் படிப்பும் அதற்குத்தான் உதவியது.

நான் விடவில்லை. ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்து, இதே மாத்திரை தின்பவர்களை ஒவ்வொருவராக விசாரித்தேன். எங்கள் ஹனூர்ப் பக்கத்து ஆட்களுக்குத்தான் வயிறு எரிந்தது. காரணத்தையும் நானே பிடித்தேன். திங்கட்கிழமை நாங்கள் எங்கள் மலைச்சாமி மாதேஸ்வரனுக்கு விரதம். பொழுது சாயும்வரை சோறு கிடையாது. ஆனால் மருந்து விரதத்தைக் கெடுக்காது என்று மாத்திரையை மட்டும் வெறும் வயிற்றில் போட்டுக்கொள்வோம். 'சாப்பாட்டுக்குப் பின்' என்று சீட்டில் எழுதியவர்களுக்கு, சாப்பாடே இல்லாத நாள் ஒன்று உண்டு என்று தெரியவில்லை. எதிரில் உட்கார்ந்திருப்பவனைக் கேட்டால் குறைந்தா போய்விடுவார்கள்?

இதைச் சொன்னதும் டாக்டரம்மா முதல்முறையாகப் பேனாவை எடுத்தார். அதையே ஆராய்ச்சியாக்கி, மாத்திரைக்கும் வயிற்றுப் புண்ணுக்கும் என்ன தொடர்பு என்று மெடிக்கல் காலேஜ் ஹாலில் கட்டுரையாக வாசித்தார். நான் முன் வரிசையில் இருந்தேன். பெரிய டாக்டருக்கு நன்றி, லேப்காரர்களுக்கு நன்றி, திரையில் படம் ஓட்டியவனுக்குக்கூட நன்றி. நான் மட்டும் 'ஒரு முதிய நோயாளி'.

வெளியே வந்த டாக்டரம்மாவை மறித்தேன்.

"நோயாளி பேர் சொல்லக்கூடாது யஜமான்ரே. ரூல்ஸ்."

"புண்ணு வந்தவன் பேர மறைங்க. கண்டுபுடிச்சவன் பேர எதுக்கம்மா மறைக்கறீங்க?"

"பாக்கலாம்" என்று காரில் ஏறிவிட்டார்.

பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. என் பெயரைப் போடச் சம்மதம் என்று கையெழுத்திட்டுக் கொடுத்தாயிற்று. கட்டுரை இன்னும் அச்சேறவில்லை. பெரிய டாக்டர் பெயருக்கு மேலே வேண்டாம். பக்கத்தில், அதே அளவு எழுத்தில், விரத நாளைக் கண்டு சொன்னவர் என்று என் பெயர் வர வேண்டும்.