உலக முடிவுக்கு நாங்கள் போகாததற்குக் காரணம்

மாத்தளைச் சந்தையில் மூட்டை தூக்கும் நாட்டாமியாகத்தான் நான் தொடங்கினேன். வாப்பா மௌத்தானதும், உழைக்க வேறு ஆளில்லாமல் மூன்றாம் வகுப்போடு பாடசாலை முடிந்தது. அதற்குப் பிறகு இந்தக் கையால் நான் செய்தவற்றை ஊர் முழுக்க அறியும். மிளகாயும் கொத்தமல்லியும் அரைக்கும் மில் என்னுடையது. அதன் முதல் மோட்டாரைப் பழைய இரும்புக் கடையில் குப்பைக்குள் இருந்து பொறுக்கி, நானே பிரித்து நானே பூட்டினேன். மில்லுக்குப் போகிற வழியில் ஓடைக்குக் குறுக்கே ஒரு பாலம் இருக்கிறது. அதற்கு யாரும் பிளான் போடவில்லை, என் மண்டைதான் பிளான். பாரம் ஏற்றிய லொறி போனாலும் இன்றைக்கு வரைக்கும் அசையாது. பாறைக் காணியில் வீடு நிற்காது என்று படித்த ஆள் ஒருவர் கையை விரித்துவிட்டுப் போன இடத்தில்தான் என் மாடி வீடு நிற்கிறது. அந்தப் பாறையை உடைத்ததில் பாதி கூலிக்காரர், பாதி நான். கராம்பும் சாதிக்காயும் ஏற்ற லொறி வாங்கினேன். மூன்று பிள்ளைகளையும் நான் தொடாத வகுப்பு வரைக்கும் படிக்க வைத்தேன்.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற காரியம். யாரும் வந்து தட்டிப் பார்க்கலாம். நான் செய்ததிலேயே கஷ்டமான காரியம் மட்டும் எங்கேயும் நிற்கவில்லை. அது ஒரு சுற்றுலாவுக்கு வேன் பிடித்த கதையில் இருக்கிறது.

மூத்த மகன் கட்டாரில் வேலை செய்கிறான். தங்கையின் கல்யாணத்துக்கு அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. நிக்காஹ்வைப் போனில்தான் பார்த்தான். நாலு மாதம் கழித்து ஒரு மாத லீவில் வந்தான். வந்து இறங்கிய நாளிலிருந்து அவனுக்கு ஒரே ஒரு ஆசைதான். தங்கச்சியையும் புது மச்சானையும் வைத்துக்கொண்டு, குடும்பம் மொத்தமாக ஹோட்டன் சமவெளிக்குப் போய் உலக முடிவு என்கிற செங்குத்தான மலை விளிம்பைப் பார்க்க வேண்டும். நாட்டில் பிறந்து அந்த மலை விளிம்பில் ஒருநாள் நிற்காவிட்டால் என்ன மனுசன் என்றான். எனக்கும் சரி என்று பட்டது.

வாட்ஸ்அப்பில் குழு ஒன்றைத் திறந்தான். எனக்கு வேகமாக வாசிக்க வராது, இளையவனின் மனைவி வாசித்துச் சொல்வாள். வியாழக்கிழமை பயணம். ஐந்து மணித்தியாலம் வேனில் போக வேண்டும். விடியும்போது வாசலில் நின்றால்தான் பனிமூட்டம் ஏறுவதற்கு முன்னே விளிம்பைப் பார்க்கலாம். உள்ளே ஒன்பது கிலோமீற்றர் சுற்றி நடக்க வேண்டும். பொலித்தீன் கொண்டுபோக விடமாட்டார்கள். நடக்கிற பாதையில் கடை கிடையாது, கழிவறை கிடையாது, எல்லாரும் வாசலிலேயே போய்விட்டு வர வேண்டும். இதையெல்லாம் ஒழுங்காக எழுதிப் போட்டான். ஞாயிற்றுக்கிழமை அவன் திரும்பப் பறக்க வேண்டும், அதனால் நாளை மாற்ற வழியில்லை.

திங்கட்கிழமை காலையில் சம்மந்தியின் நம்பரையும் அந்தக் குழுவில் சேர்த்தான். சம்மந்தி பல்லேபொலையில் இருக்கிறார், ஓய்வு பெற்ற பாடசாலை அதிபர். மகள் அந்த வீட்டில்தான் வாழ்கிறாள். மத்தியானம் லுஹர் தொழுகைக்கு முன்னே மருமகள் போனைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். சம்மந்தி குழுவை விட்டு வெளியேறிவிட்டார். ஒரு சொல்லும் எழுதவில்லை.

பின்னேரம் மகள் போன் எடுத்தாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. குரலை அமுக்கிக்கொண்டு பேசினாள்.

"வாப்பா, மாமா யாரோடயும் பேசுறாரில்ல. போன்ல பேரச் சேத்துட்டா அது அழைப்பான்னு மட்டும் கேட்டார். நான் வெச்ச சோத்தயும் தொடல்ல. மாமா வராட்டி இவங்களும் வரமாட்டாங்களாம்."

நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன். நாலு மாதப் புதுப்பெண் அந்த வீட்டில் என்ன சொல்ல முடியும்?

எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. புதுச் சம்மந்தியை எதற்கு அழைத்தாலும் வீட்டுக்கு மூத்தவன் நேரில் போய், உட்கார்ந்து, வாயால் சொல்ல வேண்டும். மகன் வெளிநாட்டில் இருந்து அதை மறந்துவிட்டான். நான் ஊரில் இருந்தும் மறந்துவிட்டேன், அதுதான் உண்மை. மகன் தானே போனில் பேசிச் சமாளிப்பதாகச் சொன்னான். வேண்டாம் என்றேன். மனைவி, சம்மந்தி வீட்டுக்குக் கொண்டுபோகிற இனிப்பான வட்டிலப்பம் அவிக்க முட்டையை எடுத்து வெளியே வைத்தாள். நான் போக வேண்டும் என்பது அதற்கு அர்த்தம்.

போவது எனக்குச் சின்ன விஷயம் இல்லை. நிக்காஹ் அன்று பதிவுப் புத்தகத்தில் நான் கையெழுத்துப் போட்டபோது, சபை பார்த்திருக்க அவர், "அவசரமில்ல சம்மந்தி, ஆறுதலாப் போடுங்க" என்றார். நல்ல மனத்தோடுதான் சொன்னார் என்று எல்லாரும் சொல்கிறார்கள். இருக்கட்டும். என் காதில் அது அப்படி விழவில்லை. நான் ஒருவர் வாசலிலும் தலை குனிந்து நின்றதில்லை, அதுவும் அந்த வாசலில் நிற்பதென்றால்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுப் போனேன். வட்டிலப்பச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு முச்சக்கர வண்டியில் போகும்போது, என்ன பேசுவது என்று வழி முழுக்க யோசித்தேன். மூட்டை தூக்கிய காலத்தில்கூட எனக்கு அப்படி வியர்த்ததில்லை.

வாங்க என்று கூட்டிப்போய் உட்கார வைத்தார். மழை, மிளகு விலை, அவருடைய பழைய மாணவன் ஒருவன் டாக்டரான கதை எல்லாம் பேசினோம். மகள் பிளேன்டீ கொண்டுவந்து வைத்தாள். என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள். மெலிந்திருந்தாள். நான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, பிள்ளைகள் செய்தது பிழை, அதற்கு நான்தான் பொறுப்பு, இப்போது நானே வந்து அழைக்கிறேன், குடும்பத்தோடு வர வேண்டும் என்று முறைப்படி சொன்னேன். என் வாழ்க்கையில் பிழை என்ற சொல்லை நான் என் மேல் போட்டுக்கொண்டது அன்றைக்குத்தான்.

அவர் தலையை ஆட்டினார். "நீங்க வந்ததே பெரிய சந்தோசம் சம்மந்தி. ஆனா எங்க வீட்டால யாரும் வர ஏலாது."

எனக்குத் தலைக்குள் சூடேறியது. இன்னும் என்ன வேண்டும் இந்த மனுசனுக்கு என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் எழுந்து உள்ளே போய்விட்டார். பேச்சுக்கு நடுவே அவர் அப்படி எழுந்து போனது அது இரண்டாவது தடவை. திரும்பி வந்தார், உட்கார்ந்தார், பத்து நிமிடம் போயிருக்காது, மறுபடியும் எழுந்தார். இது என்னை அவமதிக்கச் செய்கிற வேலைதான் என்று முடிவு செய்து, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். மகளை இப்போதே கூட்டிக்கொண்டு போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். அல்லாஹ் காப்பாற்றினான், வாயைத் திறக்கவில்லை.

பின்பக்கத்தில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. நெடுநேரம் ஓடியது. என் அண்ணன், மூத்த நானாவும் கடைசிக் காலத்தில் இப்படித்தான். ஒரு மணித்தியாலத்தில் நாலு தடவை கழிவறைக்கு ஓடுவார், போனாலும் சிறுநீர் லேசில் வராது, குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நிற்பார். மகன் குழுவில் எழுதியது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஐந்து மணித்தியாலம் வேன். ஒன்பது கிலோமீற்றர் நடை. கழிவறை கிடையாது.

அவர் வெளியே வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மெதுவாகக் கேட்டேன், எவ்வளவு நாளாக இப்படி என்று. அவர் முதலில் என்னைப் பார்க்கவில்லை. வாசலில் காய்ந்துகொண்டிருந்த பாக்கைப் பார்த்தார்.

"ஒரு ஸ்கூலையே நடத்தின மனுசன் நான். பத்துத் தடவ வேன நிப்பாட்டுங்கன்னு சின்னப் பிள்ளயள் முன்னால கேக்கச் சொல்றீங்களா?"

மகனுக்குத் தெரியுமா என்றேன். தெரியாது. மனைவிக்கு? அவருக்கும் சரியாகத் தெரியாது. அப்படியென்றால் கோபம் எதற்கு, வர முடியாது என்று சொல்லியிருக்கலாமே என்றேன்.

"ஏலாதுன்னா ஏன்னு கேப்பாங்க. கோபம்னு சொன்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

படித்தவர், யோசித்துத்தான் செய்திருக்கிறார். ஆனால் அந்தக் கோபத்தைச் சுமந்தது யார்? நான் அதைச் சொல்லாமல் விடவில்லை. "ஒங்கட மானத்த என்ட மகள்ட தலையில ஏத்தி வெச்சிருக்கீங்க சம்மந்தி. அவள் ரெண்டு நாளா அடுப்படியில நிண்டு அழக்கூட ஏலாம இருக்கிறாள்."

அவர் முகம் வெளுத்தது. சண்டை வருமோ என்று பார்த்தேன். வரவில்லை. நான் இடத்தை மாற்றிவிடுவதாகச் சொன்னேன். இரத்தோட்டைக்கு மேலே, பிட்டவல பத்தனையிலும் ஒரு மலை விளிம்பு இருக்கிறது, குட்டி உலக முடிவு என்பார்கள். இரண்டு மணித்தியாலப் பாதை, வழியில் கடைகளும் பள்ளிவாசலும் உண்டு, நடையும் கொஞ்சம்தான். பிள்ளைகளிடம் என்ன காரணம் சொல்வீர்கள் என்று கேட்டார். அது என் பாடு என்றேன். ஒன்றே ஒன்று மட்டும் நான் இருக்கும்போதே அவர் செய்ய வேண்டும் என்றேன்.

அவர் அடுப்படிப் பக்கம் திரும்பினார். "மகள், வாப்பாவுக்கு இன்னொரு பிளேன்டீ ஊத்துங்க. எனக்கும் ஒண்ணு. அந்த வட்டிலப்பத்தயும் வெட்டிக் கொண்டு வாங்க."

இந்த முறை மகள் என் முகத்தைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து எல்லாரையும் கூப்பிட்டேன். சம்மந்தி வருவார் என்றேன், சந்தோஷப்பட்டார்கள். ஆனால் உலக முடிவுக்குப் போக முடியாது, என் முழங்கால் விடாது என்றேன். என் முழங்காலில் ஒரு குறையும் இருக்கவில்லை, இன்றைக்கும் இல்லை. மூத்தவன் போனைக் கீழே வைத்தான். லீவு கிடைத்த நாளிலிருந்து அவன் அந்த விளிம்பைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தான். வாப்பாவை விட்டுவிட்டுப் போகலாமா என்று யாரோ மெதுவாகக் கேட்டார்கள். மூத்தவன் வேண்டாம் என்றான். போனால் எல்லாரும்தான் போக வேண்டும். இளையவன் சும்மா இருக்கவில்லை.

"பாறைய ஒடச்ச காலு இப்ப எங்க போச்சு வாப்பா?"

இளையவனின் பிள்ளைகள் சிரித்தார்கள். ஏலாது என்ற சொல்லை என் வாயால் என் பிள்ளைகள் கேட்டதே கிடையாது. பாறையில் வீடு ஏலாது என்றபோதும், பாலம் ஏலாது என்றபோதும் நான் ஏலும் என்று சொன்னவன். அன்றைக்கு, "காலுக்கு வயசாயிட்டு மகன், ஏலாது" என்று சொன்னேன். சொல்லிவிட்டு நொண்ட வேண்டியிருந்தது. எந்தக் கால் என்று முதலிலேயே முடிவு செய்யவில்லை, ஒரு தரம் மாறிப்போனது. மனைவி மட்டும் அதைக் கண்டாள். தைலப் போத்தலைக் கொண்டுவந்து, நான் கடைசியாக நொண்டிய காலில் தேய்த்தாள்.

வியாழன் அன்று வேன் அரை மணிக்கு ஒரு தடவை நின்றது. ஒவ்வொரு தடவையும் நான்தான் நிறுத்தச் சொன்னேன், முழங்காலை நீட்ட வேண்டும் என்று. இரத்தோட்டைப் பள்ளிவாசலில், தேநீர்க் கடையில், மேலே வளைவுகள் தொடங்கும் இடத்தில் இருந்த ஒரு வீட்டில்கூட. எனக்குத் துணையாகச் சம்மந்தியும் இறங்குவார். பின் சீட்டில் பெருமூச்சுகள் கேட்டன. இப்படிப் போனால் குட்டி உலக முடிவையும் நாளைக்குத்தான் பார்ப்போம் என்றான் இளையவன். பனிமூட்டம் ஏறிவிடுமோ என்று மூத்தவன் மலையையும் மணிக்கூட்டையும் மாறி மாறிப் பார்த்தான். ஒவ்வொரு பார்வையும் என் மேல் வந்து முடிந்தது. நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போய்ச் சேர்ந்தபோது மூட்டம் விளிம்பைத் தொட்டுவிட்டது. புல்வெளி சட்டென்று அறுந்து, கீழே ஒரு பள்ளத்தாக்கும் துண்டு துண்டாக வயலும் கொஞ்ச நேரம் தெரிந்து மறைந்தன. மூத்தவனும் மகளும் பாறையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். கல்யாணத்தில் யார் என்ன உடுத்தார்கள், யார் கோபித்துக்கொண்டார்கள் என்று அவன் ஒவ்வொன்றாகக் கேட்டான், அவள் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சம்மந்தி என் கையைப் பிடித்து, பார்த்துப் பார்த்து என்று என்னை நடத்திக்கொண்டு வந்தார். நல்ல கால் உள்ளவனைத் தாங்கிப் பிடிப்பதில் அவ்வளவு கவனம்.

ஞாயிறு அன்று மகன் பறந்துவிட்டான். மகள் அந்த வீட்டில் நன்றாக இருக்கிறாள், கேட்டால் மாமாவின் செல்லம் என்பார்கள்.

போன வருசம் சம்மந்திக்கு ஆபரேஷன் நடந்தது. இப்போது சுகம். வெட்கமும் போய்விட்டது. ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் நின்று, தான் பட்ட பாட்டையும் டாக்டரின் கெட்டித்தனத்தையும் கேட்கிறவர், கேட்காதவர் எல்லாருக்கும் சொல்கிறார். எத்தனை பயணங்களை அந்தச் சிறுநீர் வருத்தத்தால் விட்டார் என்று விரலை மடக்கிக் கணக்குச் சொல்கிறார். பிட்டவலப் பயணம் மட்டும் அந்தக் கணக்கில் வருவதில்லை.

இப்போது மகன் மறுபடியும் லீவில் வருகிறான். மறுபடியும் உலக முடிவுக்குத் திட்டம். ஆட்களின் பட்டியலை மருமகள் வாசித்தாள். சம்மந்தி பெயர் முதலில் இருக்கிறது. என் பெயர் இல்லை. வாப்பாவுக்குக் கால் ஏலாதுதானே என்று பாசமாகத்தான் விட்டிருக்கிறார்கள்.

நான் நொண்டியதை நானே போய் மறுத்தால் யாரும் நம்பமாட்டார்கள், கிழவன் பெருமை பேசுகிறான் என்பார்கள். அது சம்மந்தியின் வாயால்தான் வர வேண்டும். வேன் புறப்படும் முன்னே, ஆபரேஷன் கதை சொல்கிற அதே முற்றத்தில், என் இரண்டு மகன்மாரையும் வைத்துக்கொண்டு அவர் சொல்ல வேண்டும்: அன்றைக்கு இடத்தை மாற்றியது தனக்காக, சம்மந்தியின் முழங்கால் நன்றாக இருந்தது, ஏலாதவன் என்ற பெயரை அவர் வாங்கிக்கொண்டதால்தான் இரண்டு குடும்பமும் ஒரே வேனில் போனது. டாக்டரைப் புகழ்கிற நேரத்தில் பாதியை எனக்குத் தர வேண்டும். அதற்குக் குறைந்து நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.