ஒரு நாயும் அந்த நாயும்

வடதுருவப் பனி ஊருக்கு விமானத்தில் வந்து போகும் நீதிமன்றத்தில் இருபது வருடம் மொழிபெயர்த்தவள் சியாசி. கவுட்டாக்கின் வழக்கில் மட்டும் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவளை அடித்து நொறுக்கிய முன்னாள் கணவன் அவன். சியாசியின் பக்கத்து வீட்டு ஆவுலாவின் சறுக்குவண்டி நாயைச் சுட்டுக் கொன்றதாக அவன்மேல் புகார்.

கடலோரத்தில் சுட்டதை ஒப்புக்கொண்டபோது கவுட்டாக் ஊர்மொழியில் 'கிம்மிர்மிக்' என்றான். புதிய மொழிபெயர்ப்பாளனோ, "அந்த நாயைச் சுட்டேன்" என்று நீதிபதிக்குச் சொல்லிவிட்டான்.

சியாசி எழுந்தாள். "தப்பு! கடைசியில 'மிக்' வந்திருக்கு. ஏதோ ஒரு நாயைங்கிறான். ஆவுலா நாயைன்னு சொல்லவே இல்ல."

"உன்னை அடிச்சவனுக்கே வக்காலத்தாடி?" என்று ஆவுலா கத்தினாள்.

நீதிபதி ஒலிப்பதிவைப் போடச் சொன்னார். அதில் 'மிக்' தெளிவாகக் கேட்டது. வேறு சாட்சி இல்லாததால் கவுட்டாக் விடுதலையானான்.

வாசலில் அவன் இளித்தான். "எம்மேல இன்னும் ஆசை போகல போல?"

"தூ! நீ செத்தாக்கூட எட்டிப் பார்க்க மாட்டேன். நீ சொல்லாததைச் சொன்னதா எழுதப் பார்த்தாங்க. அதைத் திருத்தினேன், அவ்வளவுதான்."

அந்தக் குளிர்காலம் முழுக்க ஆவுலா வீட்டு வேட்டையில் வழக்கமாக வரும் கலைமான் கறிப் பங்கு சியாசிக்கு வரவில்லை. அவளும் போய்க் கேட்கவில்லை.